தீபாவளிப் பையில் ஒரு சுருள் கம்பி

திண்டிவனத்தில் எனக்கு ஒரு எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வயரிங் வேலைக்கும் போவேன். இத்தனை வருஷத்தில் யார் வீட்டு பீஸ் கட்டையிலும் தடித்த கம்பி போட்டவன் இல்லை. போடச் சொன்னவர்களைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். "வீட்டக் கொளுத்தணும்னா ஒரு தீப்பெட்டி வாங்கிக்கினு போங்க, எங்கிட்ட ஏன் வர்றீங்க?" என்று கத்தி, நல்ல வாடிக்கைக்காரர் ஒருவரை இழந்தும் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் செய்தது தெரியாமல் செய்ததல்ல.

மகள் விழுப்புரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். விடுதியில் தங்கல். தீபாவளிக்கு வந்தவள் திரும்பும்போது என்ன கொடுத்தனுப்புவது என்று வீட்டில் பேச்சு வந்தது. மனைவி முறுக்கும் சுடிதாரும் என்றாள். எனக்கு எரிச்சல். முறுக்கு பஸ்ஸிலேயே பாதி காலியாகும், சுடிதார் பெட்டியில் ஏற்கெனவே கிடக்கிறது. "புள்ளைக்கு உபயோகமா ஏதாவது குடுக்கணும்டி" என்று அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். கரண்ட் போனால் எரிகிற எமர்ஜென்சி லைட். நாலு பேர் போனும் சார்ஜ் ஏறுகிற மாதிரி என் கையாலேயே செய்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வெந்நீருக்கு ஒரு கெட்டில். கடைக்காரன் மகள் என்று விடுதியில் தெரிய வேண்டாமா?

கெட்டிலைப் பார்த்ததும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ரூம்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குப்பா. அதையும் அயர்ன் பாக்ஸையும் சேத்துப் போட்டாலே பீஸ் போயிடுது. வாட்ச்மேன் அண்ணனக் கூப்புட்டா வார்டனுக்குத் தெரிஞ்சிடும். பெரிய பேஜாரு."

விடுதியில் அதெல்லாம் வைத்துக்கொள்ளவே கூடாதாம். பழைய கட்டடம். ஒவ்வோர் அறைக்கும் கதவுக்கு மேலே பீங்கான் பீஸ் கட்டை. அதைக் கேட்டதும் எனக்கு ஏன் அப்படி ஒரு குஷி வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. மகளுடைய கஷ்டம் ஒன்று என் கைக்கு அடங்குகிற அளவில் வந்துவிட்டது, அதனால்தான் இருக்கும். கணக்குப் பாடத்திலோ கம்ப்யூட்டரிலோ என்னால் அவளுக்கு ஆவது ஒன்றுமில்லை.

பீஸ் கம்பி உருகுவதற்கென்றே இருப்பது. பாரம் கூடினால் அது அறுந்து, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றும். கட்டையில் அறுந்துபோகாத கம்பியைப் போட்டால், சுவருக்குள் இருக்கிற ஒயர்தான் உருக வேண்டும். இதை ஆயிரம் பேருக்குச் சொன்னவன், அன்றைக்குக் கடை மேஜையில் ஒரு கட்டையை வைத்து, செம்புக் கம்பிச் சுருளைப் பிரித்து, ஓர் இழை போட வேண்டிய இடத்தில் நாலு இழையை முறுக்கிக் காட்டினேன். "மொதல்ல மெயின ஆஃப் பண்ணிடணும். இப்படி வலது பக்கமா முறுக்கி, நுனிய மடிச்சு உள்ள தள்ளிடு. அப்புறம் அசையாது." இரண்டே முறை பார்த்துவிட்டு என்னைவிட அழகாகச் செய்தாள். சுருளை அவள் பையில் போட்டேன். மனைவி முறுக்கை அதன் மேல் வைத்தாள்.

ஐப்பசி மழை நின்றது, கார்த்திகை போனது. மகள் பேசும்போதெல்லாம் நான் கேட்கிற முதல் கேள்வி, "பீஸ் போச்சா?" என்பதுதான். "ஒரு தடவகூட போவலப்பா" என்பாள். நான் மனைவியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு நாள் காலை, ஒருவருக்கு டியூப்லைட்டைச் சோதித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது. "அப்பா, எக்ஸாமுக்குப் போறேன், போனு ஆஃப் பண்ணிடுவேன். செம குளிருப்பா இங்க. ஆனா எங்க ரூம் சுவரு மட்டும் இதமா இருக்கு. எல்லாரும் அதுல சாஞ்சிக்கினுதான் படிக்கிறோம்."

டியூப்லைட்டைக் கீழே வைத்தேன். இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். சிரிப்போடுதான் சொல்லியிருந்தாள். கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. மனைவியிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன்.

விக்கிரவாண்டி வருவதற்குள் பத்து முறை கூப்பிட்டிருப்பேன். கணக்கு உதைத்தது. ஓர் அறைக் கெட்டிலுக்குச் சுவர் அப்படிச் சூடாகாது. முன்னால் போன வைக்கோல் லாரியை பஸ் தாண்ட முடியாமல் ஊர்ந்தது. வைக்கோலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடுதி வாசலில் வார்டன் அம்மா, "என்ன விஷயம் சார்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் மகளை அன்றைக்கே வெளியேற்றிவிடுவார்கள். "சும்மா, புள்ளயப் பாக்க வந்தேன் மேடம்" என்றேன். பரீட்சை முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்று நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். மேலே ஜன்னல்களில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பரீட்சை இல்லாத பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. என் மகளின் படிப்பையும் அந்தப் பெண்களின் உயிரையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு தகப்பன் அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

பிறகு எழுந்து, "மேடம், ஜல்தியா மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

வாட்ச்மேன் மெயினை அணைத்த பிறகு மாடிக்குப் போனோம். மகளின் அறை படிக்கட்டை ஒட்டிய முதல் அறை. சுவரில் கை வைத்தேன். இதமெல்லாம் இல்லை, சுட்டது. பெயின்ட் ஒரு கோடாகப் பழுத்திருந்தது, லேசான ரப்பர் வாடை. அந்த மாடியின் எல்லா அறைக்கும் போகிற ஒயர் அந்தச் சுவர் வழியாகத்தான் ஏறியிருந்தது. கதவுக்கு மேலிருந்த கட்டையைப் பிடுங்கினேன். நாலு இழை, கறுத்திருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று அடுத்த அறைக் கட்டையைப் பிடுங்கினேன். அதிலும் நாலு இழை. அதற்கடுத்த அறையிலும். வலது பக்க முறுக்கு, நுனி மடித்து உள்ளே தள்ளியிருந்தது. அந்த மாடியில் இருந்த பன்னிரண்டு கட்டையும் என் மகளின் கைவேலை.

பரீட்சை முடிந்து வந்தவள், என்னையும் தரையில் வரிசையாகக் கிடந்த கட்டைகளையும் பார்த்துச் சிரித்தாள்.

"எல்லாரும் கேட்டாங்கப்பா. தீபாவளி கிஃப்டுனு ஒவ்வொரு ரூமுக்கும் நானே போட்டுக் குடுத்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வார்டன் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். விடுதியை விட்டு அன்றே அனுப்பினார்கள். கல்லூரியை விட்டு அனுப்பவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. இப்போது தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். திண்டிவனம் நெருங்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"கம்பி மீதி இருக்கணுமே. எங்கம்மா?"

"சீனியர் அக்கா ஒருத்தங்க வேலைக்குப் போனாங்கப்பா. சென்னையில லேடீஸ் ஹாஸ்டல். அங்கயும் பீஸ் போயிக்கினே இருக்குதாம். அவங்களுக்குக் குடுத்துட்டேன். எப்படிப் போடறதுன்னும் சொல்லிக் குடுத்தேன்."

உடனே கூப்பிடச் சொன்னேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அந்த சீனியர் பெண்ணின் தோழிகள் பலரிடமும் கேட்டாகிவிட்டது. எந்த விடுதி, எந்தத் தெரு, ஒருவருக்கும் தெரியவில்லை. மகள் இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு முறை அந்த எண்ணைக் கூப்பிடுகிறாள்.

இது மறுபடியும் மார்கழி. எங்கோ ஒரு சுவர் இதமாக இருக்கும். யாரோ ஒரு பெண் அதில் சாய்ந்துகொண்டிருப்பாள்.