கிசுகிசுப்பும் பேச்சுதான்

கோவளத்து ஓட்டல் மேடையில் ஒருநாள் பாட்டின் உச்சத்தில் கத்துவதற்காக வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. அதுவும் ஒரு பாணி என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு நாகர்கோவிலை விட்டு ஓடியவன் நான். கோவாவில் தட்டுக் கழுவிக்கொண்டே கேசட் கேட்டு ராக் அண்ட் ரோல் கற்றேன். பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாது. குடி, சிகரெட், அலைச்சல். இரண்டு இசைக்குழுக்கள் விரட்டிவிட்டபின் கோவளம் வந்தேன். குரலை வைத்துத்தான் சோறு.

திருவனந்தபுரத்தில் டாக்டர் சின்னக் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்த்தார். குரல்நாணில் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) பாலிப் (புற்று அல்லாத சிறு சதை வளர்ச்சி).

"நீங்க பாடறதா, கத்தறதா?"

"ராக் அண்ட் ரோல்ல ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்."

"அப்போ ரெண்டையும் நிறுத்துங்க. சிகரெட்டையும். கொஞ்ச நாள் மிண்டவே கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்டோ."

தம்பானூர் வாடகை அறையில் நான் பேசவே இல்லை. டீ கேட்பது, சண்டை போடுவது எல்லாவற்றையும் மனைவி மரகதத்திடம் கிசுகிசுத்தேன். அடுத்த முறை பார்த்தபோது வீக்கம் கூடியிருந்தது.

"மிண்டினீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். கிசுகிசுன்னுதான்..."

டாக்டர் தலையில் கை வைத்தார். "ஐயோ, அதும் பேச்சுதான் சாரே!"

கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் இறுகி இன்னும் நோகுமாம். உங்களுக்கும் இதே நோய் என்றால் இதை மட்டும் மறக்காதீர்கள்.

அறுவை சிகிச்சைதான் வழி என்றார். பழைய குரல் வருமா என்பதற்கு உறுதி தரவில்லை. எங்கள் டிரம்மர் சஜி ஆஸ்பத்திரிக்கு வந்தான். "டூரிஸ்ட் சீசன் தொடங்கற வரை உங்க இடம் அங்கேயே இருக்கும் அண்ணா. அது கழிஞ்சா ஓட்டல்காரன் வேற ஆளை வெப்பான்."

சதையை எடுத்தபின் நிஜமாகவே வாயை மூடினேன்.

"கல்யாணம் ஆனதுக்குப் பெறவு இப்பந்தான் நான் பேசுகது இந்த வீட்டுல கேக்கு" என்றாள் மரகதம். கோபத்தில் தட்டை ஓங்கித் தட்டினேன். "தாளம் தப்புது" என்றாள்.

சீசனுக்குச் சற்று முன்பு குரல் வந்தது. உச்சம் போய்விட்டது. பாட்டுகளையெல்லாம் சுருதி இறக்கி ஒத்திகை பார்த்தோம்.

"அண்ணா, இது ராக்கா, தாலாட்டா?" என்றான் சஜி.

"ராக்தான்டா. ஆடிக் களைச்சவங்களுக்கு."

முதல் நாள் கூட்டம் கொஞ்சம் யோசித்தது, பிறகு எழுந்து ஆடியது. ஓட்டல்காரர் வேறு ஆளைத் தேடவில்லை.

இப்போதெல்லாம் பாட்டைத் தொடங்குமுன் ஒரு மூச்சு எடுக்கிறேன். அது விலாவரை இறங்கி நிறைவது தெரிகிறது. அதுவரை சஜி குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பான். இத்தனை வருடம் பாடியும், அப்படி ஒரு நேரம் இருப்பதே எனக்குத் தெரியாது.