அத்தை பெரிதாக்கிய வரிகள்

அத்தையின் பூதக்கண்ணாடி இப்போதும் அவளுடைய மடிக்கணினியின் மேல்தான் கிடக்கிறது. கைப்பிடி விண்டுபோன இடத்தில் அவளே ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறாள். கண் அழுத்த நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த நாலு வருஷமும் அந்தக் கண்ணாடியைத் திரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு நாட்டைக் கட்டினாள்.

நிஜ நாடு இல்லை. கற்பனை உலகங்களை உருவாக்குகிறவர்கள் கூடி எழுதும் இணையதளம் ஒன்று இருக்கிறது. இல்லாத ஊர்களுக்கு வரைபடம், சட்டம், சாப்பாடு, பண்டிகை என்று பக்கம் பக்கமாக எழுதி வைப்பார்கள். கல்லூரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அத்தைக்கு அதில் நான்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். பொழுது போகட்டும் என்று நினைத்தேன். அவளோ ஆபீசுக்குப் போவது போலக் குளித்து, தலை வாரி, பத்து மணிக்கு ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியறையில் போய் உட்கார்ந்துவிடுவாள். நாட்டுக்கு ஓதத்தீவு என்று பெயர். அங்கே கடல் ஏறும்போது கடைகளை மூடுவார்கள், இறங்கும்போது கல்யாணம் நடத்துவார்கள். அத்தனையும் ஒரே பக்கத்தில்! உருட்டி உருட்டி நமக்கு விரல் ஓய்ந்துவிடும்.

தளத்தின் நிர்வாகி மரியாதையாகத்தான் எழுதினார். நீளமான பக்கங்களின் உச்சியில் பொருளடக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார். பட்டியலில் இல்லாத பக்கத்தை யாரும் தேடி வரமாட்டார்கள். ஒரு வரி சேர்த்தால் போதும், தளமே தலைப்புகளைப் பொறுக்கி வரிசைப்படுத்திவிடும் என்று நானும் மன்றாடினேன். அத்தை மசியவில்லை.

“என் ஊருக்கு வரவா வாசல்லேந்து நடந்து வரட்டும். நடுவுல சாடி இறங்க வேண்டாம், கேட்டியோ” என்றாள், எங்கள் வீட்டு மலையாளம் கலந்த தமிழில்.

போன வருஷம் அத்தை போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து நிர்வாகியின் கடைசி அறிவிப்பு வந்தது. அவள் பேச்சை மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். அவளுடைய நாடு யார் கண்ணிலும் படாமல் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். வரலாறு, உணவு, துறைமுகம் என்று வரும் என்று பார்த்தால், வந்தது இது:

பெண்கள் முன்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போவார்கள்.
கடிதம் யார் பெயருக்கு வந்ததோ அவரே பிரிப்பார்.
அண்ணன் சம்மதம் என்று ஒரு படிவம் இங்கே கிடையாது.

இப்படியே முப்பதுக்கு மேல். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலைப்பு என்ற பொத்தானை அழுத்தினால் எழுத்து பெரிதாகிறது என்பது மட்டும்தான் அத்தைக்குத் தெரியும். கண் மங்க மங்க, எந்த வரியைத் தவறவிடக் கூடாது என்று நினைத்தாளோ அதையெல்லாம் அந்தப் பொத்தானால் பெரிதாக்கி வைத்திருக்கிறாள். தளம் அவற்றையெல்லாம் தலைப்பு என்று எடுத்துக்கொண்டது.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் டில்லியில் மத்திய அரசு வேலை கிடைத்தது. உத்தரவுக் கடிதத்தை அப்பா பிரித்துப் படித்து, தங்கை வரமாட்டாள் என்று அவரே பதிலும் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் இது ரகசியமே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ‘டில்லிக் குளிர் அவளுக்கு ஒத்துக்காது’ என்று அப்பா சொல்வார், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அத்தை பட்சணத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இவை தலைப்புகள் அல்ல, சாதாரண எழுத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று நிர்வாகி எழுதினார். விதி கேட்பது பொருளடக்கம், இந்த நாட்டில் அடங்கியிருக்கும் பொருள் இதுதான், ஒரு வரியையும் சிறிதாக்க மாட்டேன் என்று பதில் போட்டேன். பக்கம் பொதுப் பட்டியலிலேயே நின்றது.

அப்பாவுக்கு யார் சொன்னார்களோ, போன வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். எண்பது வயதுக்கு அது பெரிய ஏற்றம். திரையில் அந்தப் பொருளடக்கத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தவர் மூன்றாவது வரியில் நின்றார்.

“இதை அழிச்சுக் கள. நாலு பேர் வாயிச்சா நம்ம ஆத்தைப் பத்தி என்ன நினைப்பா?”

“நடந்ததைத்தான் நினைப்பா. அழிக்க மாட்டேன்பா” என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் திரைப் பக்கம் குனிந்தார். பிறகு, சரியாகத் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு மேஜையிலிருந்த பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினார். நான் அதைத் தள்ளி வைத்தேன்.

“அது வேண்டாம்பா. அத்தை பெரிசாத்தான் எழுதியிருக்கா.”