கமோலிக்குப் போகாமல் ஊர் விசாரித்தது

ஆக்லாந்தில் ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்கிறார்கள். மார்கோ என்ற பையனைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்ற என் மகள் யாழினியிடம், பையன் எந்த ஊர் என்று கேட்டேன்.

"ரானுயி, அப்பா."

"அது சபர்ப் பிள்ளை. நான் கேக்கிறது ஊர்."

"ஹிஸ் டாட் இஸ் ஃப்ரம் கமோலி. இத்தாலி. ஹாப்பி?"

யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேச முன்னர் ஊர் விசாரிப்போம். சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும், மாப்பிள்ளை வீட்டின் வண்டவாளம் முழுக்கத் தண்டவாளம் ஏறிவிடும். கமோலியில் எனக்கு எந்தச் சந்திக் கடை? ஏவன்டேல் வீட்டில் கணினிக்கு முன் குந்தினேன். ஜெனோவாவுக்குக் கிட்ட, மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் சின்ன ஊர். பாய்க்கப்பல் காலத்தில் கப்பற்காரரால் பேர்பெற்றதாம். ஆண்கள் கடலோடிவிட, வீட்டைப் பெண்கள் ஆண்டதால்தான் 'மனைவிமாரின் வீடு' என்று ஊருக்குப் பெயர் வந்தது என்றும் ஒரு கதை. நானும் வல்வெட்டித்துறைக் கப்பற்காரர் பரம்பரைதான். எங்கள் வீட்டிலும் அதே ஆட்சிதான். அதில் குறை பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது. அங்கே வீட்டுச் சுவர்களில் இல்லாத யன்னலை இருப்பதுபோல வர்ணத்தில் கீறிவிடுகிறார்கள்.

"கள்ள யன்னல் வைக்கிற சனம்," என்றேன் மனைவியிடம்.

"குறை பிடிக்கிறதெண்டே வெளிக்கிட்டிட்டியள்," என்றாள்.

உண்மைதான். ஊர் சரியில்லை என்று ஒரு சாட்டுக் கிடைத்தால் ஒரே மகள் இன்னும் கொஞ்சக்காலம் எங்களோடு இருப்பாள் என்ற நப்பாசை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ரானுயிக்குப் போனோம். மார்கோவின் தகப்பன் பாவ்லோ, ஓய்வுபெற்ற பிளம்பர். நான் மெல்ல விசாரணையைத் தொடங்கினேன். ஊரில் எந்தக் கோயில் பெரிது என்று கேட்டேன். அங்கே இவர்களுக்கு என்ன மரியாதை என்று அடுத்துக் கேட்பதாகத் திட்டம். மனிதர் நான் சுற்றுலா போகப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். கடற்பாறையில் நிற்கும் தேவாலயத்தின் படத்தைக் காட்டினார். சொந்தக்காரர் எந்தப் பக்கம் என்றேன். சான் ஃப்ருத்துவோசோ மடாலயத்துக்குப் படகில் போ, நடந்தால் முழங்கால் போய்விடும் என்றார். உங்களைப் பற்றி அங்கே யாரிடம் கேட்கலாம் என்றேன். யாரையும் கேட்கத் தேவையில்லை, மே மாதம் போனால் துறைமுகத்தில் மாபெரும் தாச்சியில் மீன் பொரித்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள் என்றார். என் சர்வீசில் இப்படி ஒரு சம்பந்தியைக் கண்டதில்லை.

"நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?" என்றேன், சலித்துப்போய்.

"போன கோடையில். நான் பிறந்த தெருவில் ஒரு காப்பிக்கடை. இத்தாலிய மொழியில்தான் காப்பி கேட்டேன். அந்தப் பெண் ஆங்கிலத்தில், எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்றாள்."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் வல்வெட்டித்துறையில் சோடா வாங்கப் போனபோது, "ஐயா, எந்த ஊரில இருந்து வாறியள்?" என்றார் கடைக்காரர். கடைக்குப் பின்னால் ஓடுவது எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை. அதைச் சொல்லாமல் நியூசிலாந்து என்றுவிட்டு வந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பக்கத்திலிருந்த மனைவி முழங்கையால் இடித்தாள். "என்ன, ஊர் எப்பிடியாம்?"

"எங்கட ஆக்கள்தானப்பா," என்றேன். "கலியாணத்துக்கு நாளைப் பார்."