வில்லியம் சொன்ன வியாழக்கிழமை

முப்பத்து நான்கு வருடங்களாக வில்லியம் யாருக்கும் கிழமை சொன்னதில்லை. துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கம்பெனியில் குமாஸ்தாவாக இருப்பவர் சொல்லக்கூடாத ஒரே விஷயம் அதுதான். சரக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "லாரி ஏறினா நம்மளுது" என்பார். சாந்தோம் கோயிலில் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட, "ஃபாதர் வந்தா ஆரம்பிச்சிடுவாங்க" என்று சொல்லுமளவுக்குப் பழக்கம் ஊறிவிட்டது. "கல்யாணத் தேதியை எங்கப்பாதான் சொன்னாரு. இவரு பாக்கலாம்னாரு" என்பாள் அவர் மனைவி ஐவி.

அப்படிப்பட்டவர் தங்கபுஷ்பத்திடம் "வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டார்.

தங்கபுஷ்பத்துக்குத் தி. நகரில் பாத்திரக் கடை. நவராத்திரிக்காகச் சீனாவிலிருந்து மடக்குக் கொலுப்படி வரவழைத்து விற்பார். சீனாவில் யாரும் கொலு வைப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஆடாமல் நிற்கிற படி அங்கிருந்துதான் வருகிறது. போன வருடம் கன்டெய்னர் விஜயதசமியன்று வந்து சேர்ந்தது. விற்காத தொள்ளாயிரம் படிகளும் மேற்கு மாம்பலம் வீட்டுப் படுக்கையறைக்குக் குடியேற, அவரும் கணவர் சண்முகசுந்தரமும் ஒரு வருடமாகக் கூடத்தில் படுக்கிறார்கள். இந்த வருடக் கன்டெய்னரும் துறைமுகத்தில் இறங்கிக் கிடந்தது. திங்கட்கிழமை நவராத்திரி.

"அண்ணாச்சி, இதுவும் பிந்திச்சுன்னா நாங்க மொட்டைமாடியிலதான் படுக்கணும். ஒரு நாள் சொல்லும்."

போன வருடத்து வெட்கத்தில் வில்லியத்துக்கு வாய் தவறியது. கணக்கென்னவோ சரிதான். வியாழன் காலை சுங்க அதிகாரி முன்னால் கன்டெய்னரைத் திறந்து காட்டிக் கையெழுத்து வாங்கினால், மாலையில் லாரி. துறைமுகத்துக்குள் போவதற்கான அனுமதி அட்டை அந்தக் கம்பெனியிலேயே வில்லியம் ஒருவரிடம்தான் இருந்தது.

புதன் மாலை முதலாளி சந்திரமௌலி கூப்பிட்டார். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தமாட்டார், மறுக்கவும் விடமாட்டார்.

"வில்லியம், நாளைக்கு மாநாடு. நம்ம கரையையே பெரிய கடல்சார் மையமா ஆக்கப்போறா. என்னைக் கமிட்டில போட்டிருக்கா. அனுபவஸ்தர்னு நீங்க மேடையில உக்காரணும்."

"நாளைக்குக் கொலுப்படி எக்ஸாமினேஷன் சார்."

"கொலு வருஷா வருஷம் வரும். இது வருமா? கோட்டு போட்டுண்டு வாங்கோ."

கோட்டு இருந்தது, கல்யாணத்தில் போட்டது. பொத்தான்தான் எட்டவில்லை.

தி. நகரிலேயே ஒரு பெரிய ஓட்டலில் மாநாடு. வாசலில் தெர்மாகோலில் துறைமுகம் செய்து, நீல விளக்கால் கடல் விட்டிருந்தார்கள். பொம்மைக் கப்பல்கள் வரிசையாக நின்றன. லாரி ஒன்றுகூட இல்லை. சரக்கு நீந்திக் கரையேறிவிடும்போல. 'கப்பலிலிருந்து கடைக்கு இருபத்து நான்கே மணி நேரம்' என்றது திரை. பேசிய எல்லாரும் சிங்கப்பூரைச் சொந்த அத்தை வீடு மாதிரி சொன்னார்கள்.

மேடையிலிருந்து பார்த்தபோதுதான் வில்லியத்துக்குத் தெரிந்தது. மூன்றாவது வரிசையில், கழுத்தில் நீலப் பட்டையோடு, அவருடைய கன்டெய்னரைத் திறந்து பார்க்கவேண்டிய அதிகாரி. அவருக்குப் பின்னால் கப்பல் கம்பெனி சுரேஷ்குமார், கன்டெய்னரை விடச்சொல்லி உத்தரவு தரவேண்டியவன். கதவருகே சரக்கு முற்றத்தின் மேற்பார்வையாளர். நாற்காலி நிரம்பவேண்டும் என்று எல்லா அலுவலகத்திலிருந்தும் ஆள் அனுப்பியிருந்தார்கள். துறைமுகத்தை வளர்ப்பதற்காக அன்று துறைமுகத்துக்கு ஏறத்தாழ விடுமுறை.

சாப்பாட்டு வேளையில் வில்லியம் கோட்டைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார்.

"இன்னா சுரேஷு, நீயும் இங்கதான் கீறியா?"

"மேனேஜர் தள்ளிவுட்டாரு மாமா. ஐஸ்கிரீம் மூணு வகை கீது, வுடாத."

ஒரு கையில் தட்டோடு சுரேஷ்குமார் கைப்பேசியிலேயே உத்தரவை அனுப்பினான். மற்ற நாளில் அதற்கு நான்கு போன், இரண்டு நாள். மேற்பார்வையாளர் ரசமலாய் வரிசையில் நின்றபடியே முற்றத்துக்குப் பேசி, பின்வரிசையில் கிடந்த கன்டெய்னரை முன்னால் எடுத்துவைக்கச் சொன்னார். அதிகாரி நல்ல மனிதர். கையைக் கழுவிக்கொண்டே சங்கடப்பட்டார்.

"நான் இப்பவே வந்துடுவேன் வில்லியம். மாநாட்டுக்கு வந்ததுக்கான சர்டிபிகேட் நாலு மணிக்குத்தான் குடுப்பாங்களாம். அது இல்லாம போனா எனக்கு லீவு போட்டுடுவாங்க."

மூன்று மணிக்கு மேடையில் பூஜா என்ற ஆலோசகர் பெண் மைக்கை நீட்டினாள். "இத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்ல, இந்தத் துறைக்கு என்ன தேவைன்னு நினைக்கிறீங்க சார்?"

"அம்மா, நாலு நாள் வேலைய இன்னிக்கு சாப்பாட்டு டைம்ல முடிச்சேன். இன்னா காரணம்? எல்லாரும் ஒரே ரூம்ல கீறாங்க. நீங்க மையம் கியம்னு எதுவும் கட்டவேணாம். இந்த ஓட்டலையே எடுத்து எல்லாரையும் இங்கயே குந்தவைங்க. அப்படியே மூணாவது வரிசை சாருக்கு சர்டிபிகேட்ட இப்பவே குடுத்துடுங்க. என் கன்டெய்னரு காத்துகினு கீது."

அரங்கம் கைதட்டியது. அதிகாரியும் தட்டினார். சந்திரமௌலி மட்டும் தெர்மாகோல் கடல் இருந்த திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜா திரையில் 'ஒருங்கிணைப்பு' என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டாள்.

சர்டிபிகேட் ஐந்தரைக்குத்தான் வந்தது. அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கன்டெய்னரைத் திறந்து பார்த்தார்கள்; படி படியாகத்தான் இருந்தது. பெரிய லாரி கடைத் தெருவுக்குள் நுழையாது என்பதால், கோடம்பாக்கத்தில் நிறுத்தி, மூன்று சின்ன வண்டிகளுக்கு மாற்றி, சனிக்கிழமை காலை வில்லியமே முதல் வண்டியில் ஏறி வந்தார்.

தங்கபுஷ்பம் கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வியாழன்னுல்லா சொன்னீரு?"

"சொன்னேம்மா. தப்புதான். எல்லாரும் மாநாட்டுக்குப் போய்ட்டாங்க." அங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சர்டிபிகேட் கதையில் தங்கபுஷ்பம் சிரித்துவிட்டார். அதற்குள் இரண்டு மாமிகள் வண்டியிலிருந்தே ஒரு படியை உருவி, ஒன்பது தட்டுக்குக் கிடைக்குமா என்று விலை பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"ரெண்டு நாள்ல எவ்வளவு போவுதோ போவட்டும். மிச்சத்துக்குக் கூடம் இருக்கு. நீரு ஒண்ணு செய்யும் அண்ணாச்சி. அடுத்த வருசம் அந்த மாநாடு என்னைக்குன்னு இப்பவே கேட்டுச் சொல்லும். அன்னைக்குக் கரை சேர்ற மாதிரி சீனாக்காரனைக் கப்பல் ஏத்தச் சொல்லிடுதேன்."

வில்லியம் சட்டைப் பையைத் துழாவிப் மாநாட்டில் பூஜா கொடுத்திருந்த விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தார்.