சந்தனம் வைத்த பாஸ்போர்ட்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக் களத்தில் இருபத்தாறு வருஷம் நெல் காயவைத்த வள்ளிக்கண்ணுவின் வீட்டில், பத்திரப்படுத்த வேண்டிய பொருள் என்று ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய பாஸ்போர்ட். புருஷன் போன பிறகு, அவித்த நெல்லைக் காலால் கிளறிக் கிளறியே மகன் சரத்குமாரை ஐடிஐ படிக்க வைத்தவள் அவள். அவன் சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அம்மாவைப் பாஸ்போர்ட் எடுக்க வைத்தான். "ஒரு தடவையாவது இங்க வந்து பாத்துட்டுப் போம்மா" என்று வாராவாரம் நச்சரித்தான். இவளோ அடுத்த பொங்கலுக்கு, அடுத்த பொங்கலுக்கு என்று மூன்று வருஷத்தை ஓட்டினாள்.

பயணம்தான் போகவில்லை, பாஸ்போர்ட்டுக்கு மரியாதை குறையவில்லை. சரஸ்வதி பூஜைக்கு மகனின் பழைய புத்தகங்களோடு அதையும் பலகையில் அடுக்குவாள். அட்டையில் வைத்தால் போதாதென்று, போட்டோ இருக்கும் பக்கத்தைத் திறந்து நாலு மூலையிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பாள். மறுநாள் ஈரத்துணியால் துடைப்பாள். அரைகுறையாக எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சரத்தோடு தங்கியிருந்த பிரவீன்ராஜ் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். சரத் சாரத்திலிருந்து விழுந்துவிட்டானாம், தலையில் பலத்த அடியாம். "கண்ணு முழிச்சான்மா. உங்களத்தான் கேக்குறான். டாக்டர் சீக்கிரம் வரச் சொல்றாரு."

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே சரத் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்த அதன் படத்தைக் கொண்டு, அவன் கம்பெனியே அவசரமாக விசா எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெராக்ஸ் கடைக்காரர் ஜெயக்குமார் டிக்கெட் போட்டார். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த மனுஷன். பாஸ்போர்ட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் ஏழு வருஷம் இருக்குக்கா. பேரு, நம்பர் எல்லாம் விசாவோட சரியா இருக்கு. மங்களகரமாவும் இருக்கு. தைரியமா போயிட்டு வாங்க."

மஞ்சள் பூத்த மூலைகள் அவர் கண்ணிலும் பட்டன. கறை என்று இருவருக்குமே தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? சந்தனம் பட்ட பொருளைக் கெட்டுப்போனது என்று நம் வீடுகளில் யார் சொல்வார்கள்?

வியாழக்கிழமை காலை திருச்சி விமான நிலையத்தில், கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை மூன்று தடவை மெஷினில் வைத்தாள். படிக்கவில்லை. மூலையை விரலால் தொட்டதும் மேலே ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் பிரிந்து எழும்பியது. மூன்று பூஜைகளின் ஈரம் உள்ளே இறங்கி, கீழ்வரி எழுத்துகள் கலங்கிக் கிடந்தன.

"இதுல என்னம்மா பட்டிருக்கு?"

"சந்தனம் தாயி. சாமி கும்பிட்டு வச்சது."

"டேமேஜ் ஆன பாஸ்போர்ட்ல ஏத்த முடியாதும்மா. ஏத்துனாலும் அங்க உள்ள விடமாட்டாங்க. புதுசு எடுத்துட்டுத்தான் வரணும்."

"எம்புள்ள ஆஸ்பத்திரில கெடக்கான் தாயி. மொகத்த மட்டும் பாத்துட்டு அடுத்த ஃப்ளைட்ல திரும்பிடுறேன்."

அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஓடி மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து தலையை ஆட்டினாள். வள்ளிக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டித் தீர்ப்பதற்குக்கூடத் தன்னைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை. தன் கன்னத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டாள்.

அன்றைக்கே புதுப் பாஸ்போர்ட்டுக்கு அவசர விண்ணப்பம் போட்டார்கள். பழையது எப்படிப் பாழானது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 'பூஜையில் வைத்ததால்' என்று ஜெயக்குமார் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரவீன்ராஜ் வீடியோ காலில் சரத்தின் முகத்தைக் காட்டினான்.

"கெளம்பிட்டியாம்மா?"

"ஏறப் போறேன்டா கண்ணு" என்று பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் போய்விட்டான். "நீங்க வர வேணாம்மா, நாங்க அனுப்பி வைக்கிறோம்" என்று பிரவீன்ராஜ் போனில் கதறினான்.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. அதே விமான நிலையத்தின் சரக்கு வாசலில் ஜெயக்குமாரும் அவளும் நின்றார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் அவளுடைய ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இது போதுமாங்க?"

"போதும்மா."

"பாஸ்போர்ட்டெல்லாம் உசுரோட பாக்கறதுக்கு மட்டும்தானா?"

அவர் தாளை நகர்த்தி இடத்தைக் காட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வள்ளிக்கண்ணு மகனை வாங்கிக்கொண்டாள்.