சுனில் அண்ணன் போன் பேசினால் நாங்கள் சுவரைப் பார்ப்போம்

கர்நாடகாவிலேயே, ஏன், இந்தியாவிலேயே, சந்திரனில் ஆள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்க சுனில் அண்ணன் அளவுக்குப் போனில் பேசுகிறவன் கிடையாது. சட்டசபை கூடுகிற விதான சௌதாவில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு வருஷம் பேசுவதை அவன் ஒரு டீ ஆறுவதற்குள் பேசி முடிப்பான். அவன் பேச்சுத் தாங்காமல் எங்க ஸ்ரீராம்புரம் செல்போன் டவரே ஒருநாள் சூடாகி உட்கார்ந்துவிட்டது. நம்பாதவர்கள் வந்து டவரைத் தொட்டுப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்செல்லாம் கைதான். வீடியோ கால் என்று ஒன்று வந்தது, அதற்கப்புறம் அந்தக் கையை யாராலும் நிறுத்த முடியவில்லை.

நான் அவன் தங்கச்சி. பெயர் வித்யாலட்சுமி. பெயர் வைத்தவர்களைப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் நன்றாக அவமானப்படுத்திவிட்டது. இப்போது ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் பொட்டும் ஹேர் கிளிப்பும் விற்கிறேன். அண்ணன் கையால் சொன்னதை எல்லாம் இதில் வாய்ப்பேச்சு மாதிரி எழுதியிருக்கிறேன். அவன் சொன்னபோது இதைவிட நன்றாக இருந்தது.

அண்ணனுக்கு வேலை வாட்டர் சர்வீஸில். பகல் முழுக்க பைக்குகளுக்கு நுரை பூசி, பம்ப் தண்ணீர் அடித்து, துடைத்துக் கொடுப்பான். சாயங்காலம் குளித்து, தலையை மூன்று விதமாக வாரிப் பார்த்து, ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைப்பான். இரண்டு கையும் சும்மா இருந்தால்தானே பேச முடியும். வெளிச்சம் முகத்திலும் கையிலும் விழ வேண்டும். நடுவில் நான் லைட்டை அணைப்பேன். அது அவன் வாயைப் பொத்துவதற்குச் சமம். இருட்டில் அவன் எறிகிற செருப்பு என் முதுகில் சரியாக வந்து விழும். எப்படிக் குறி பார்க்கிறான் என்பது இன்றுவரைக்கும் புரியவில்லை.

சிநேகிதர்களோடு பேசும்போது நாங்களும் கூட உட்கார்ந்து பார்ப்போம். யார் யாரைத் திட்டினார்கள், கப்பன் பார்க்கில் யார் கடலையைக் காசு கொடுக்காமல் தின்றார்கள் என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். பார்கவி வந்த பிறகுதான் வீட்டில் சட்டம் வந்தது.

பார்கவி கோலார் தங்கவயல்காரி. ராபர்ட்சன்பேட்டையில் வீடு, தையல் வேலை. அவளுக்கும் காது கேட்காது. பெண் பார்க்கப் போனோம். பெரியவர்கள் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். கட்டிக்கொள்ளப் போகிற இரண்டு பேரும் கேசரித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டு கையில் இருந்தால் அவர்களால் பேச முடியாது என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கிளம்பும்போது பார்கவி அவள் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று அண்ணனிடம் நம்பர் கேட்டாள். மறுநாள் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் ஒரே பதிலைச் சொன்னார்கள். நாங்க பேசிப் பார்க்கணும், அப்புறம்தான் சரியா இல்லையான்னு சொல்வோம்.

மற்ற வீடுகளில் இப்படிப் பேசுகிறவர்கள் தெருமுனைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். அண்ணன் தெருமுனைக்குப் போனால் தெருவே பார்க்கும். எங்கள் வீடு ஒரே அறை, மூலையில் சமையல். ஆகவே அண்ணன் சட்டம் போட்டான். பார்கவி கால் வந்தால் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பணும். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டே திரும்பிக்கொள்வாள். அப்பா மாநகராட்சி குப்பை ஆட்டோ ஓட்டுகிறவர், அலுத்து வந்து காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தே தூங்குவார். ஒருநாள் சிலிண்டர் கொண்டு வந்தவர்கூட என்ன ஏதென்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து சுவரைப் பார்த்து நின்றார். நல்ல மனுஷன், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணன் போனில் தண்ணீர் இறங்கிவிட்டது. திரையின் கீழ் மூலையில் நாவல்பழத்தை நசுக்கினாற்போல் ஒரு கறை. நாளுக்கு நாள் அது ஊர்ந்து மேலே வந்தது. பார்கவியின் வலது கை அந்தக் கறைக்குள் போனால் வார்த்தையும் உள்ளே போய்விடும். கொஞ்சம் மேலே பேசு என்றான் அண்ணன். அவளும் பஸ்ஸில் கம்பி பிடித்துத் தொங்குகிறவள் மாதிரி கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பேசினாள். தோள் வலிக்குது என்றாள். கறை அங்கேயும் வந்தது.

மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் தருண் என்று ஒருத்தர் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நானும் அண்ணனும் போனோம்.

"டிஸ்ப்ளே போயிடுச்சு சிஸ்டர். இந்த மாடலுக்கு ஒரிஜினல் இப்ப வர்றதில்லை. காப்பி இருக்கு. நல்ல காப்பி."

"நல்ல காப்பின்னா?"

"படம் தெரியும், பாட்டு கேக்கும். வேற என்ன வேணும்?"

"பாட்டை இவன் கேட்டுட்டாலும்," என்றேன்.

தருண் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேபிள் ஃபேனைப் பார்த்தார். அப்புறம் காப்பியை மாட்டினார். ஒரு அருவி வீடியோ போட்டுக் காட்டினார். அருவி நன்றாகத்தான் விழுந்தது. அண்ணன் செல்ஃபி கேமராவைத் திறந்து தன் கையை அதற்கு முன்னால் ஆட்டினான். திரையில் ஐந்து விரலும் சேர்ந்து ஒரு துடைப்பமாக ஓடியது. விரல் நின்ற பிறகும் அதன் வால் கொஞ்சம் தூரம் போய் நின்றது.

"அதெல்லாம் யாருக்கு பாஸ் தெரியப்போகுது," என்றார் தருண். "கை ஆட்டுறதையா எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க?"

அதை நான் அண்ணனுக்குச் சொல்லவில்லை. அவனே அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் அந்தத் திரையில் பார்கவி வந்தாள். முதலில் நிறம். "பொண்ணுக்கு மஞ்சள் காமாலையாடி?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அம்மா. அப்புறம் பேச்சு. பார்கவி வேகமாகப் பேசுகிறவள். ஒரு வார்த்தை திரையை விட்டுப் போவதற்குள் அடுத்த வார்த்தை அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தது. அண்ணன் மெதுவா சொல்லு என்றான். திரும்பச் சொல்லு என்றான். மறுபடியும் திரும்பச் சொல்லு என்றான். எப்போதும் ஒரு மணி நேரம் ஓடுகிற கால் அன்று சீக்கிரமே முடிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று காலையில் குழாயடியில் அவனே சொன்னான், வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு. கைக்காரர்களுக்கு இது ஒரு வசதி.

"போன் சரியில்லையா, இல்லே என்னைப் பிடிக்கலையான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"போனுன்னு சொன்னேன். நம்பின மாதிரி தெரியலே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணு கேக்கப் போறாளாம். என் பதிலைப் பார்த்துட்டுத்தான் வீட்டிலே சரியா இல்லையான்னு சொல்லுவாளாம். திரும்பச் சொல்லுன்னு மட்டும் கேக்காதேன்னா. ரெண்டாவது தடவை கேக்க அவளுக்கு தைரியம் வராதாம்."

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனான். அன்று அவன் தலை வாரவில்லை.

என்னிடம் ஒரு டேப்லெட் உண்டு, வீட்டில் டேப் என்போம். ஆன்லைன் கிளாஸ் காலத்தில் அப்பா எங்கிருந்தோ பழையதாக வாங்கிக் கொடுத்தது. அதில் படித்து டேப்தான் தேறியது, நான் தேறவில்லை. பேட்டரி சுமார், ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். ஆனால் திரை கண்ணாடி மாதிரி இருக்கும். தலைமுடியைத் தனித்தனியாக எண்ணலாம். அதை வீட்டில் யாரும் தொடக்கூடாது, தொட்டால் கடிப்பேன். உள்ளே என் கேம் இருந்தது. அதில் எனக்கு ஒரு ஊரே சொந்தம், கோட்டை, குதிரை, ஆற்றங்கரை எல்லாம். வீடியோ கால் ஆப் போடப் பார்த்தால் இடம் இல்லை என்று டேப் சொன்னது. கொஞ்ச நேரம் அதை முறைத்தேன். அது இறங்கி வரவில்லை. குதிரையோடு சேர்த்து ஊரை அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கையில் கொடுப்பதற்கு முன்னால் டேப் திரையின் வெளிச்சத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்தேன். அண்ணன் திறந்தான், ஒன்றும் தெரியவில்லை. முகம் வெளுத்துப்போனது. அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வெளிச்சத்தை ஏற்றினேன். சும்மா கொடுத்தால் சந்தேகப்படுவான்.

"உன் கேம் எங்கே?" என்றான்.

"டேப்பு தானா அழிச்சிடுச்சு. கீழே போட்டே, காலை உடைப்பேன்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஒயரைச் செருகி, டேப்பை அரிசி டப்பாவில் சாய்த்து, சட்டைக் காலரைச் சரி செய்தான். கால் வந்தது. அம்மா அடுப்புச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அப்பா காலண்டருக்குப் போனார். நான் அண்ணனுக்குப் பின்னால் கொஞ்சம் ஓரமாக, பீரோவைப் பார்த்து உட்கார்ந்தேன்.

கையில் அண்ணனின் போன். காப்பி டிஸ்ப்ளே படம் காட்டத்தான் லாயக்கில்லை. அணைத்து வைத்தால் நல்ல முகம் பார்க்கும் கண்ணாடி. கொஞ்சம் சாய்த்தேன். என் தோளுக்கு மேலே அண்ணனின் முதுகு, முழங்கைகள், அதற்கப்பால் டேப், டேப்பில் பார்கவி, மூலையில் சின்னதாக அண்ணனின் படமும். சட்டம் சுவரைப் பார்க்கத்தான் சொன்னது. நான் பார்த்தது சுவர்ப்பக்கம்தான்.

பார்கவியின் ஒவ்வொரு விரலும் தனியாக நின்றது. ஊசி குத்தின தழும்புகூடத் தெரிந்தது. வலம் இடமாகத் தெரிந்தாலும் எல்லாம் புரிந்தது. அவள் கொஞ்ச நேரம் பஸ் கூட்டம், வெயில் என்று எதையோ பேசிவிட்டு நிறுத்தினாள். அப்புறம் கேட்டாள்.

"எங்க வீட்டிலே எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். யாராவது ஏதாவது சொல்வாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. என்னன்னு கேப்பேன். அப்புறம் சொல்றேன்னு அம்மா கையைக் காட்டுவாங்க. அந்த அப்புறம் இன்னும் வரலே. உங்க வீட்டிலே உன்னை விட்டா வேற யாருக்குக் கை தெரியும்? நீ வேலைக்குப் போயிட்டா நான் யாரோட சிரிக்கிறது?"

அண்ணன் திரும்பச் சொல்லு என்று கேட்கவில்லை. ஆனால் அவன் முழங்கைகள் அசையவில்லை. அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததே கிடையாது. தூக்கத்தில்கூட அது யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். திரும்பி நானே பதில் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சட்டம் இருந்தது.

"அம்மாவுக்குப் பாதி தெரியும்," என்றான் கடைசியில். "கோபம் வந்தா முழுசும் தெரியும். அப்பாவுக்கு சோறு, காசு, பீடி, வா, போ. மத்ததுக்குத் தலையாட்டுவாரு."

பார்கவி சிரிக்கவில்லை.

"தங்கச்சி ஒருத்தி இருக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும்."

"எல்லாரும் முதல்லே அப்படித்தான் சொல்வாங்க. என் மாமா பொண்ணுக்கும் எல்லாம் தெரியும்னாங்க. என்னைப் பார்த்தா சாப்பிட்டியான்னு மட்டும் கேப்பா."

"இவ அப்படி இல்லே. பத்தாவது கணக்கிலே இவ முட்டை வாங்கினா. அப்பாகிட்ட, அது முட்டை இல்லே, நூத்திலே ஒண்ணு அழிஞ்சுபோச்சுன்னு சொன்னா. அப்பாவும் நம்பித் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தாரு."

சுத்தப் பொய். நான் வாங்கியது பதினொன்று. லட்டும் கிடையாது, விளக்குமாற்றுக் கட்டைதான் கிடைத்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. போனைப் பிடிக்காத கை தானாகத் தோளுக்கு மேலே எழுந்து பீரோவைப் பார்த்து, "பொய் சொல்றான், நம்பாதே," என்றது.

கண்ணாடியில் பார்கவியின் கை நின்றது. அவள் முன்னால் குனிந்தாள், டேப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறவள் மாதிரி. அப்புறம் என்னை நோக்கி விரலை நீட்டினாள். வாய் பெரிதாகத் திறந்தது. பார்கவி சிரித்தால் சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா அடுப்புச் சுவரிடம், "என்னடி ஆச்சு?" என்று கேட்டாள்.

அண்ணன் திரும்பவேயில்லை. டேப்பைப் பார்த்தபடியே, நான் பார்ப்பதற்கு வசதியாகக் கையை உயரத் தூக்கி, நிதானமாகச் சொன்னான்.

"பார்த்தியா? அவளுக்கு யாரும் அப்புறம் சொல்ல வேண்டியதில்லை. சுவரைப் பார்த்து உக்காரச் சொன்னா அணைச்ச போனிலே நம்மைப் பார்க்கிறா. ஆரம்பத்திலேருந்து. இந்த டேப்பிலே என் படத்துக்குப் பின்னாடி, அவ பிடிச்சிருக்கிற போனிலே, அவ கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு தெரியுது. பேசாம இருக்க அவளாலே முடியாது. அதான் முட்டைக் கதையைப் போட்டேன்."

நான் கொடுத்த டேப். கோட்டையும் குதிரையும் போய்த்தான் அதில் ஆப் ஏறியது. அதுவே என்னைக் காட்டிக் கொடுத்தது.

"அம்மாகிட்ட சரின்னு சொல்லிடறேன்," என்றாள் பார்கவி. "முதல்லே அவளை இந்தப் பக்கம் திரும்பச் சொல்லு. உண்மையான மார்க்கு எவ்வளவுன்னு இப்பவே எனக்குத் தெரியணும். அப்புறம் இல்லே."

நான் போனை மடியில் கவிழ்த்துவிட்டுப் பீரோவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து வந்து தோளில் தட்டினான். திரும்பாமல் முடியவில்லை.

"வா, உன்னைத்தான் கேக்கிறா," என்றான். "கேம் தானா அழியாதுன்னு எனக்குத் தெரியும். கண்ணைத் துடைச்சுக்கிட்டு வா. தூசு விழுந்துச்சுன்னு மட்டும் அவகிட்ட சொல்லாதே, அந்தத் திரையிலே எல்லாம் தெரியும்."