ராணி முகத்தில் பொத்தல்

பாஸ்போர்ட் புதுப்பித்து வந்திருக்கிறது. மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த வயதில் எனக்கென்ன வெளிநாடு என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், தாளில் பொடிப்பொடியாக ஓட்டைகள். மையால் அச்சடித்தது போதாதென்று பாஸ்போர்ட் எண்ணை ஊசியால் குத்தியும் வைத்திருக்கிறார்கள். விரலால் தடவினேன், சொரசொரத்தது. அவ்வளவுதான், பாகூருக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளில் பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்கு வேலை. கலியமூர்த்தி என்கிற கரும்பு விவசாயியின் வீட்டில் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். எனக்கு அப்போது தபால்தலைப் பைத்தியம். கல்யாணம் செய்துகொள்கிற வயதில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறானே என்று ஊர் சிரித்தது. சிரித்ததில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்து புதுச்சேரிக்குப் போவேன். அங்கே ஒரு பேங்க் அதிகாரி வீட்டில் எங்களைப் போன்ற பைத்தியங்கள் நாலைந்து பேர் கூடுவோம்.

ஒருநாள் இங்கிலாந்து ஸ்டாம்பு ஒன்று ஓட்டையாக இருக்கிறதே என்று குப்பையில் போடப் போனேன். அதிகாரி பதறிவிட்டார். "யோவ், அது பொத்தல் இல்லய்யா, கம்பெனி பேரு!" அந்த ஊரில் பெரிய கம்பெனிகள் ஸ்டாம்பை மொத்தமாக வாங்கி, தங்கள் பெயரின் முதலெழுத்துகளை மெஷினால் குத்தி வைத்துக்கொள்வார்களாம். ஆபீஸ் ஆட்கள் எடுத்துப் போய் வெளியே விற்றுவிடக் கூடாதே, அதற்காக. திருட்டுப் பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று அன்று சிரித்துக்கொண்டேன்.

கலியமூர்த்தியின் மகன் சேகர், சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து முதலில் பிரான்ஸ் போய், அங்கிருந்து லண்டன் போய், ஏதோ கம்பெனி கிடங்கில் வேலையில் இருந்தான். மாதம் தவறாமல் நீலநிற ஏர்மெயில் காகிதத்தில் எழுதுவான். அதிலேயே ஸ்டாம்பு அச்சாகியிருக்கும். ஒரு பொங்கலுக்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. அவன் தங்கியிருந்த அறைக்கு நாங்கள் எழுதியதற்கும் பதில் இல்லை. அவன் அம்மா ராஜாம்பாள் வேலையை எல்லாம் எப்போதும்போலத்தான் செய்தார். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வருகிறேன். தோட்டத்தில் நெல் அவிக்கிற வாடை. ராஜாம்பாள் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மகள் கற்பகம், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், வைக்கோல் போர் ஓரமாக வந்து ஒரு கிழிந்த காகிதத் துண்டை நீட்டினாள்.

"லண்டன்லேர்ந்து வெள்ளக் கவர் வந்துச்சு சார். அம்மா கிழிச்சி அடுப்புல போட்டுடுச்சி. நீங்க ஸ்டாம்பு சேக்கறீங்களேன்னு இத மட்டும் எடுத்தேன்."

"ஏன் கிழிச்சாங்க?"

"பாருங்க, ராணி மூஞ்சியெல்லாம் பொத்தல். நல்ல சேதின்னா இப்டியா வரும்?"

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி எழுதிய கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். அப்படிப்பட்ட கார்டுக்கு ஓரம் கறுத்திருக்கும், இல்லாவிட்டால் மூலை கிழிந்திருக்கும். பழுதான கடிதத்தில் கெட்ட சேதிதான் வரும் என்பது அவர்கள் காலமெல்லாம் பார்த்துப் பழகியது. ராஜாம்பாள் ஒரு படி மேலே போய், படிக்கவே விடவில்லை. "படிச்சாதான அது சேதி. படிக்காத வரிக்கும் எம்புள்ள இருக்கான்" என்றாராம்.

கலியமூர்த்திக்கு அந்தத் தெம்பு இல்லை. "இன்னாத்துக்கு சார் ஏமாத்திக்கணும்? பெத்த கடனுக்கு கருமாதியாவது செய்யணும்ல" என்று நாள் குறிக்கக் கிளம்பினார். நான் குறுக்கே நின்று, அது சாவு அடையாளம் இல்லை, கம்பெனி அடையாளம் என்று விளக்கினேன். கம்பெனியைக் கண்டுபிடித்தால் என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்கலாம், அதுவரை பொறுங்கள் என்றேன். ராஜாம்பாள் உள்ளேயிருந்து வந்து, "நெசமா வாத்யாரே?" என்று மட்டும் கேட்டார்.

துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பைப் பிரித்து, பழைய குடையின் கறுப்புத் துணியில் வைத்தேன். வெறும் கண்ணுக்குப் பூச்சி அரித்ததுபோல் இருந்தது கறுப்பின் மேல் எழுத்தாகிவிட்டது. மேலே ஈ, எச், கீழே டபிள்யூ. அதைப் பென்சிலால் படி எடுத்து, பேங்க் அதிகாரி தன் இங்கிலாந்துப் பேனா நண்பருக்கு அனுப்பினார். அந்த மனிதர் புண்ணியவான். தேடிப்பிடித்து கம்பெனியின் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டார். நானே உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதினேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ராஜாம்பாள் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மாவுக் கையோடு வாசலுக்கு ஓடுவார். எனக்கு ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே என்று ஆகிவிட்டது.

பதில் வந்தது. அதே ஓட்டை போட்ட ஸ்டாம்பு. இந்த முறை ராஜாம்பாள் கிழிக்கவில்லை. தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "படி வாத்யாரே" என்றார். கலியமூர்த்தி கரும்புக் கொல்லையில் இருந்தார். கற்பகம் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

சேகர் இறந்துவிட்டான். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். கையெழுத்துப் போடக்கூடத் தெம்பில்லாமல் கம்பெனியை எழுதச் சொல்லியிருக்கிறான். முதல் கடிதம் அதுதான். அது வந்தபோது அவன் உயிரோடு இருந்தான். வீட்டிலிருந்து நாலு வரி வந்தால் சேகருக்கு ஆறுதலாக இருக்கும் என்று அதில் கேட்டிருந்தார்களாம். கடைசிவரை தபால் வந்ததா, தபால் வந்ததா என்றே விசாரித்துக்கொண்டிருந்தானாம்.

இறந்துவிட்டான் என்பதைச் சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. ராஜாம்பாள் அழவில்லை. என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு வந்த கடுதாசிலயும் இதான் இருந்துச்சா?"

கற்பகம் முந்திக்கொண்டாள். "ஆமாம்மா. அன்னிக்கே இதான்."

"அப்ப நான் கிழிச்சதுல தப்பு இல்லியே?"

"இல்லம்மா."

கற்பகம் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசலிலேயே நின்று துண்டு துண்டாகக் கிழித்தாள். அம்மாவுக்கு முறை தவறாமல் செய்ததுபோல் இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். கலியமூர்த்திக்கும் நாங்கள் மீதியைச் சொல்லவில்லை.

இப்போது எந்தக் கம்பெனியும் ஸ்டாம்பில் ஓட்டை போடுவதில்லை. ஸ்டாம்பு ஒட்டுவதே அருகிவிட்டது, நீலக் காகிதமும் போய்விட்டது. சாவுச் சேதி செல்போனில் வருகிறது, வாசலில் நின்று கிழிக்க ஒன்றுமில்லை. ராஜாம்பாள் நெடுநாள் இருந்தார், தான் தவறு எதுவும் செய்யவில்லை என்ற நிம்மதியோடு போனார். அவரை எடுத்த அன்று, கூட்டம் கலைந்த பிறகு, தலை நரைத்த கற்பகம் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாலு வரிதான சார் கேட்டான்" என்றாள்.

போன தையில் கற்பகமும் போய்விட்டாள்.